ஆபீஸ் நெட்வொர்க்கில் ஃபைல் நகராமல் நின்ற அனுபவம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆல்பம் டிசைனர், ஈரோடு

ஸ்டுடியோவில் நாலு சிஸ்டம். கல்யாண ஆல்பம்தான் முழு வேலை. தை முகூர்த்தம் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன் அறை சிஸ்டத்தில் கேமரா கார்டை இறக்குவோம். உள்ளே இருக்கும் மூன்றுக்கும் அங்கிருந்துதான் போக வேண்டும். ஒரு கல்யாணம் மட்டும் 64 ஜிபி வந்தது. காப்பி போட்டால் நொடிக்கு 11 எம்பி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி 11. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எஸ்எஸ்டி போட்டேன், ரேம் ஏற்றினேன். அதே 11.

எங்களிடம் வேலை பார்த்த பையன், "அண்ணா, ஒயர்ல ஏதோ இருக்குண்ணா, லிங்க் 100னு காட்டுது" என்றான். "நீ கலர் கரெக்‌ஷனைப் பாரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டும் போய்விட்டான்.

அவன் போய் இரண்டு மாதம் கழித்து, பிரிண்டர் பார்க்க வந்த சர்வீஸ் ஆள் முன் அறை ஒயரைப் பிடுங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தக் கண்ணாடி மாதிரி கனெக்டருக்குள் ஏழு கம்பி முனைவரைக்கும் போயிருந்தது. பழுப்புக் கம்பி மட்டும் ஒரு அரிசி அளவு பின்னால் நின்றிருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு நாலு கம்பி போதும், பழுப்பு அதில் சேராது. அதனால்தான் இத்தனை நாளும் ஒயர் வேலை செய்தது. 1000 வேண்டுமென்றால் எட்டும் வேண்டும். பழைய கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தார். காப்பி 108க்குப் போனது.

பையன் சொன்னதும் இதைத்தான்.

ப்ரீ-பிரஸ், சிவகாசி

ஒயர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அண்ணா. எங்களுக்கு எட்டுக் கம்பியும் ஒழுங்காக இருந்தது, அப்போதும் அதே 11தான்.

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும். அதற்கு முந்தைய வாரம் எங்கள் ஊரில் யாரும் தூங்க மாட்டார்கள். டிசைன் கீழே, அச்சுக்கான பிளேட் எடுக்கும் சிஸ்டம் மாடியில். ஒரு முருகன் படம் லேயரோடு 400, 500 எம்பி வரும். நெட்வொர்க்கில் அனுப்பினால் காத்திருக்க முடியவில்லை என்று பென் டிரைவில் போட்டு மாடிக்கு ஓடுவோம். அப்படி ஓடிய ஒரு இரவில் பென் டிரைவில் பழைய ஃபைலும் இருந்திருக்கிறது. கடைக்காரரின் போன் நம்பரில் ஒரு இலக்கத்தைத் திருத்தியிருந்தோம். திருத்தாத ஃபைல் பிளேட்டுக்குப் போய்விட்டது. மெஷின் பக்கத்தில் போய் ஒரு தாளை உருவிப் பார்க்கிறேன், 7 இருக்க வேண்டிய இடத்தில் 1. மை காயவில்லை, கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் 2000 தாள் ஓடிவிட்டது.

காரணம் என்ன தெரியுமா? எல்லா ஒயரையும் இண்டர்நெட் கனெக்‌ஷனோடு வந்த ரவுட்டரிலேயே சொருகியிருந்தோம். அதன் அட்டைப் பெட்டியில் 300 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது வைஃபைக்கான கணக்கு. பின்னால் ஒயர் சொருகும் நாலு போர்ட்டும் வெறும் 100. அந்த 300ஐ நம்பி மூன்று சீசன் ஓட்டியிருக்கிறேன். எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் (ஒயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, 1000 வேகம்) ஒன்று வாங்கி, எல்லா ஒயரையும் அதில் மாற்றி, அதிலிருந்து ஒரே ஒரு ஒயரை ரவுட்டருக்குக் கொடுத்தோம். அவ்வளவுதான் வேலை. வீணாய்ப் போன தாளின் விலைகூட அந்த ஸ்விட்சுக்கு ஆகவில்லை.

ஆடிட்டர் ஆபீஸ், மதுரை

எங்களுக்கு ஒயரும் சரி, ஸ்விட்சும் சரி. பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பினால் 110 வரும். ஆனால் அன்று எங்களை ஏமாற்றியது சின்ன ஃபைல்கள்.

செப்டம்பர் 30க்கு நாலு நாள் இருந்தது. டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் கடைசித் தேதி, சீனியர் சாருக்குப் புது சிஸ்டம். ஆறு வருட கிளையண்ட் ஃபோல்டர் எல்லாம் அதற்குப் போக வேண்டும். மொத்தமே 5 ஜிபிதான், டீ குடித்து வருவதற்குள் முடியும் என்று நினைத்தேன். உள்ளே 58,000 ஃபைல், ஸ்கேன் செய்த பில்கள், ஒவ்வொன்றும் 90 கேபி. வேகம் கேபிக்கு இறங்கிவிட்டது. மீதி நேரம் 9 மணி என்று காட்டும், 14 என்று காட்டும், மறுபடி 11. ராத்திரி ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து மானிட்டரைப் போடுகிறேன். 31 சதவீதத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு சின்னக் கட்டம்: இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா, விடவா? கடைசியாக வந்த ஃபைலின் நேரம் இரவு 10:40. விடிய விடிய என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது. பின்னாலேயே சீனியர் சார் பையோடு உள்ளே வந்தார்.

அப்புறம் பழைய சிஸ்டத்திலேயே மொத்தத்தையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி அனுப்பினேன். அனுப்பியது ஒரு நிமிடம்கூட இல்லை. கட்டவும் பிரிக்கவும் சேர்த்து அரை மணி நேரம். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, அனுமதி கேள், எழுது, மூடு என்று இரண்டு சிஸ்டமும் மாறி மாறிப் பேச வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றையும் நிறுத்திச் சோதிக்கிறது. 58,000 தடவை.

நெட்வொர்க் வேலை, 24 வருடம், சென்னை

என் கதை சின்னது. ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், மதியம் மட்டும் வேகம் குறைகிறது என்றார்கள். இரண்டு நாள் எல்லா செட்டிங்கையும் நோண்டினேன். மூன்றாம் நாள் ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தள்ளிப் பார்த்தால் ஒயரின் மேல்தோலை எலி தின்றிருக்கிறது. ஏசி காற்று படும்போதெல்லாம் அந்த இடம் ஆடி, கம்பியும் கம்பியும் உரசிக்கொண்டிருந்தது. முதலிலேயே ஏணி போட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு நான் பணம் வாங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதுரை மேடம், ஜிப் நல்ல வழிதான், ஆனால் பாதியில் அறுந்தால் முதலிலிருந்து வர வேண்டும். விண்டோஸிலேயே ரோபோகாபி என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பின்னால் /MT என்று சேர்த்து அடித்தால் ஒரே நேரத்தில் 8 ஃபைல் போகும், வேண்டுமானால் 128 வரை ஏற்றலாம். ராத்திரி கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காது. நடுவில் நின்றாலும் மறுபடி ஓடவிட்டால் போன ஃபைலை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கும். ஒன்று மட்டும் கவனம். ஃபைல் திறந்திருந்து எடுக்க முடியாமல் போனால் அது 30 நொடிக்கு ஒரு தடவை, பத்து லட்சம் தடவை முயலும். அந்த எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுங்கள்.

ஈரோட்டு நண்பர் 11 என்று பார்த்தவுடனேயே புரிந்திருக்க வேண்டும். நெட்வொர்க் பேசுவது பிட்டில், காப்பி பெட்டி காட்டுவது பைட்டில், இரண்டுக்கும் நடுவில் எட்டு. 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, அதில் வழிச்செலவு போக 11. 1000 என்றால் 125, கையில் வருவது 110 பக்கம். அசையாமல் 11ல் நின்றால் 100 லிங்க் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 40, 60 என்று ஏறி இறங்கினால் லிங்கைத் தேடாதீர்கள், ஹார்டு டிஸ்கைப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் வேகம் போட்டிருக்கும், ஒவ்வொரு சிஸ்டத்திலும் போய்ப் பாருங்கள். டிஸ்க்கா நெட்வொர்க்கா என்று சந்தேகம் வந்தால் ஐபெர்ஃப் 3 என்ற வேகம் அளக்கும் புரோகிராமை இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். அது டிஸ்க்கைத் தொடாமல் லைனை மட்டும் அளக்கும்.

ஒயர் வாங்கும்போது கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. வளைத்தால் ஒடியும், நாளாக நாளாகத் தொடர்பு விட்டுப் போகும். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தால் கம்பி அறுந்து போகவில்லை என்றுதான் அர்த்தம், நல்ல ஒயர் என்று அர்த்தம் இல்லை. ஷேர் ஃபோல்டரை ரிசப்ஷன் சிஸ்டத்தில் வைக்காதீர்கள், அது தூங்கப் போனால் எல்லாருக்கும் போச்சு. சாதாரண விண்டோஸ் 10, 11ல் ஒரே நேரத்தில் 20 தொடர்புக்கு மேல் ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் கொடுங்கள். கரண்ட் போகும்போது சிஸ்டம் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், ஸ்விட்ச் அணைந்துவிடும், திறந்திருக்கும் கணக்கு ஃபைல் பாதியில் கெடும். விண்டோஸில் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1 எங்காவது ஆன் ஆகியிருந்தால் இன்றே அணையுங்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்தக் கதவு வழியாகத்தான்.

வக்கீல் ஆபீஸ், தஞ்சாவூர்

சென்னை சார், அணையுங்கள் என்று சொல்வது சுலபம். எங்கள் ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடுவதே எஸ்எம்பி 1 வழியாகத்தான், வேறு எதுவும் அதற்குத் தெரியாது. புது விண்டோஸ் போட்ட மறுநாள் ஸ்கேன் வரவில்லை. கட்சிக்காரர் ஒருவர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு எதிரிலேயே நிற்கிறார், திரையில் "சேருமிடம் கிடைக்கவில்லை" என்று திரும்பத் திரும்ப வருகிறது. பதினோரு மணிக்கு கோர்ட். வந்த ஆள் எஸ்எம்பி 1ஐ ஆன் செய்து கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறது. மெஷினை மாற்றச் சொல்லாமல் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

நெட்வொர்க் வேலை, 24 வருடம், சென்னை

மெஷின் மெனுவில் எஃப்டிபி, அதாவது ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை, இருக்கிறதா பாருங்கள் சார். பெரும்பாலும் இருக்கும். ஒரு சிஸ்டத்தில் எஃப்டிபி வைத்து ஸ்கேனை அதற்குத் திருப்பிவிட்டு, எஸ்எம்பி 1ஐ அணைத்துவிடுங்கள். கேஸ் கட்டு எல்லாம் இருக்கிற நெட்வொர்க், விட்டு வைக்காதீர்கள்.

பின்னலாடை டிசைன் பிரிவு, திருப்பூர்

சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் லிங்க், டிஸ்க், ஒயர் மூன்றும் நன்றாக இருந்தும் எங்களுக்கு ஆபீஸே நின்றது.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் சேர்ந்து ஆபீஸைக் கழுவித் துடைத்தோம். ஸ்விட்சையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். பூஜை லீவு முடிந்து வந்தால் எதுவும் திறக்கவில்லை. பேட்டர்ன் ஃபைல், பிரிண்டர், இண்டர்நெட் எல்லாம் உறைந்து கிடந்தது. ஷிப்மென்ட் சாம்பிள் அன்று மாலை போக வேண்டும். ஸ்விட்ச் பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். எப்போதும் ஒவ்வொரு விளக்கும் அதனதன் போக்கில் துடிக்கும். அன்று எல்லா விளக்கும் ஒரே தாளத்தில், படபடவென்று, குங்குமப் பொட்டுக்குக் கீழே.

ஒவ்வொரு ஒயராக உருவினேன். ஏழாவதை உருவியதும் விளக்குகள் அடங்கின. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையும் அதே ஸ்விட்சில். சும்மா தொங்கிய முனையை யாரோ காலியாக இருந்த போர்ட்டில் சொருகிவிட்டார்கள். எல்லாருக்கும் என்று போகிற தகவல் அந்த வளையத்துக்குள் நிற்காமல் சுற்றிப் பெருகி, வேறு எதற்கும் வழி இல்லாமல் செய்துவிடுகிறது. எங்களுடையது மாதிரி சாதா ஸ்விட்சில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது.

கூட்டுகிற அக்காதான் சொருகியது. ஒயர் யார் காலிலும் சிக்கக் கூடாது என்று நல்ல மனதோடு செய்தது, நான் பார்த்தேன். மேனேஜர் சிஸ்டம் பார்க்கிற தம்பியைப் பிடித்துக் கத்தினார். அக்காவைச் சொல்ல மனம் வரவில்லை, தம்பிக்காகவும் பேசவில்லை. "யாரோ தெரியாம சொருகிட்டாங்க சார், தம்பி மேல தப்பு இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆல்பம் டிசைனர், ஈரோடு

நேற்று கடை சாத்தியபின் நாலு சிஸ்டத்திலும் லிங்க் வேகம் பார்த்தேன். மூன்றில் 1000. ஜன்னல் ஓரத்தில் இருப்பதில் மட்டும் இன்னும் 100. அந்தப் பையன் உட்கார்ந்து வேலை பார்த்த சிஸ்டம் அது. அவன் போனதிலிருந்து அதில் பிரிண்ட் மட்டும்தான் போடுகிறோம், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கனெக்டரை ஒயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் வாங்கி வந்துவிட்டேன். இந்தத் தடவை நானே அடிக்கப் போகிறேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. வரிசை சரிதானா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ப்ரீ-பிரஸ், சிவகாசி

சரிதான் அண்ணா. மறுமுனையிலும் இதே வரிசைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்துவதற்கு முன்னால் எட்டும் முனையைத் தொடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.