எந்தத் தண்ணியில வச்சு பிடிச்சான்?

குழு: நம்ம கரை – நீரோடி முதல் தூத்தூர் வரை

சின்னத்துறை தம்பி: (பலமுறை பகிரப்பட்டது) "ஐ.நா. கடல் சட்டப்படி எல்லை தாண்டிய மீனவனை எந்த நாடும் சிறையில் அடைக்க முடியாது. எல்லாக் குழுவுக்கும் அனுப்பவும்."

சின்னத்துறை தம்பி: இது உள்ளதா அக்கா?

வக்கீல் அக்கா: பாதி உள்ளது. மிச்சப் பாதியை நம்பிப் போனா ஜெயில்தான்.

வக்கீல் அக்கா: அந்தச் சட்டத்துல 73ஆம் பிரிவு, 3ஆவது உட்பிரிவு. மீன்பிடிச் சட்டத்தை மீறினதுக்குச் சிறை கூடாதுன்னு இருக்கு. ஆனா அது பொருளாதார மண்டலத்துக்கு மட்டும். கரையில இருந்து 12 மைலுக்கு வெளியே, 200 மைலுக்கு உள்ளே. 12 மைலுக்குள்ள போயிட்டா அவன் ஊர்த் தெருவுல நிக்கிற மாதிரி, அவன் சட்டம்தான். மண்டலத்துக்குள்ளயும் ரெண்டு நாடும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா சிறை உண்டு.

ஸ்ராங்கு மாமா: மைல்னா கடல் மைல் பிள்ளே. 1.852 கிலோமீட்டர். ரோட்டு மைல்னு கணக்குப் போடுறவனும் இருக்கான்.

டீச்சர் சித்தி: அப்பம் ராமேஸ்வரத்துக்காரங்களை இலங்கைக்காரன் எப்படி உள்ளே போடுதான்?

வக்கீல் அக்கா: அங்க 200 மைலுக்கு இடமே கெடையாது சித்தி. பாக் விரிகுடா நடுவுல 1974ல கோடு போட்டாச்சு. கோட்டுக்கு அந்தப் பக்கத்தை இலங்கை 'வரலாற்றுக் கடல்', உள்நாட்டுத் தண்ணின்னு சொல்லுது. உள்நாட்டுத் தண்ணிக்கு 73ஆம் பிரிவு வராது. 1974 ஒப்பந்தத்தோட 5ஆம் பிரிவுல நம்ம ஆளுங்க கச்சத்தீவுக்கு விசா இல்லாம போய்வரலாம்னு இருக்கு. மீன் பிடிக்கலாம்னு எழுத்துல இல்லை. சண்டை அதுலதான்.

ஸ்ராங்கு மாமா: 1976ல ரெண்டு நாடும் மாத்திக்கிட்ட கடிதத்துலதான் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள மீன்பிடித் திட்டு வாட்ஜ் பாங்கு நம்ம பக்கம்னு எழுதினதும். இலங்கைப் போட்டு (படகு) 6, மூணு வருசம், வருசத்துக்கு 2,000 டன் வரை பிடிக்கலாம், பிறகு நிறுத்தணும்னு. கச்சத்தீவுக்குக் கத்துறவன் ஒருத்தனும் இதைப் பேச மாட்டான்.

டீச்சர் சித்தி: அரசியல் வேண்டாம் அண்ணே, அட்மின் தூங்கிட்டாரு 😄

ஸ்ராங்கு மாமா: சரி. நம்ம தூண்டில் போட்டுக்கு மீன்பாடு மாலத்தீவுப் பக்கமும் அதுக்குத் தெற்கே சாகோஸ் தீவுப் பக்கமும்தான். லேய் தம்பி, நல்லா கேளு. நம்ம கரையில இருந்து 200 எண்ணிக்கிட்டுப் போனா தப்பு. லட்சத்தீவுல நம்ம தெற்கு முனை மினிக்காய், வடக்கு 8 டிகிரி 17 மினிட்டு. மாலத்தீவு வடக்கு முனை 7 டிகிரி 6 மினிட்டு. வடக்கு-தெற்கா 1 மினிட்டு 1 மைல். அப்பம் இடையில எவ்வளவு?

சின்னத்துறை தம்பி: 71

ஸ்ராங்கு மாமா: கோடு ஏறக்குறைய நடுவுல போகுது. 35 மைல் தாண்டினா அவன் தண்ணி. ஜிபிஎஸ்ல அலாரத்தைக் கோட்டு மேலேயே வைக்காதே. தூண்டில் விட்டு இன்ஜினை அணைச்சுக் கெடந்தா, நீரோட்டம் மணிக்கு 2 மைல் இருந்தா 10 மணிக்கூருக்குள்ள 20 மைல் ஒழுகிப் போயிருப்பே. அலாரம் 20 மைல் முன்னாடியே அடிக்கணும்.

சின்னத்துறை தம்பி: சாகோஸ் மொரீஷியஸுக்குப் போயாச்சே மாமா, இனி வெள்ளைக்காரன் பிடிக்க மாட்டானே?

வக்கீல் அக்கா: பிரிட்டன் சாகோஸை விட்டுப் போகணும்னு சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25ல சொன்னது ஆலோசனைக் கருத்து. 2025 மே 22ல பிரிட்டனும் மொரீஷியஸும் கையெழுத்துப் போட்டது சாகோஸை மொரீஷியஸுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம். கையெழுத்து வேற, நடைமுறைக்கு வர்றது வேற. வந்தாலும் கொடிதான் மாறும், 200 மைல் மாறாது. நமக்கு ரெண்டும் அடுத்தவன் தண்ணி.

பஹ்ரைன் அண்ணன்: பிடிச்சாச்சுன்னு வச்சுக்க. பிறகு?

வக்கீல் அக்கா: மண்டலத்துக்குள்ள பிடிச்சா, நியாயமான பிணைத்தொகை கட்டினதும் போட்டையும் ஆளையும் சீக்கிரம் விடணும். கொடி நாட்டுக்கு, அதாவது போட்டு பதிவான நாட்டுக்கு, உடனே தகவல் சொல்லணும். விடலைன்னா 292ஆம் பிரிவு. பிடிச்சு 10 நாளுக்குள்ள எங்க வழக்குன்னு ரெண்டு நாடும் ஒத்துக்கலைன்னா ஹாம்பர்க்ல இருக்கிற கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனா போட்டு முதலாளி போக முடியாது. கொடி நாடு போகணும், இல்லைன்னா அதோட அனுமதியில வேற ஆள் போகணும். இந்தியா இன்னும் அந்தக் கதவைத் தட்டினதே இல்லை.

வக்கீல் அக்கா: ஜப்பான் தட்டிச்சு. 2007ல ரஷ்யா ஜப்பானோட ரெண்டு போட்டைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. ஜூலை 6 மனு, ஆகஸ்ட் 6 தீர்ப்பு. ஹோஷின்மாருக்கு ரஷ்யா கேட்டது 2 கோடிக்கு மேலே ரூபிள், தீர்ப்பாயம் 1 கோடின்னு குறைச்சு விடச் சொல்லிச்சு. தோமிமாருக்கு ஒண்ணும் கிடைக்கலை. ரஷ்ய நீதிமன்றத்துல பறிமுதல் உறுதியாகி முடிஞ்சுபோச்சு, இனி விடுறதுக்கு என்ன இருக்குன்னு மனுவைத் தள்ளிட்டாங்க.

டீச்சர் சித்தி: அப்பம் இங்க மனு கொடுத்து, ஊர்வலம் போயி, பிறகு டெல்லிக்குக் கடுதாசின்னு மாசக்கணக்குல இழுத்தா?

வக்கீல் அக்கா: போட்டு அதுக்குள்ள அந்த நாட்டுச் சொத்து ஆயிருக்கும்.

பஹ்ரைன் அண்ணன்: எங்களுக்கு இது எப்படி? அரபி போட்டுல ஏறுற நம்ம பிள்ளைங்களை ஈரான் பிடிக்குது.

வக்கீல் அக்கா: அண்ணே, போட்டுல பறக்கிறது பஹ்ரைன் கொடின்னா 292ல போகவேண்டியது பஹ்ரைன். இந்தியா இல்லை. அதுவும் ஈரான்கிட்ட நடக்காது. ஈரான் 1982ல கையெழுத்துப் போட்டதோட சரி, அங்கீகரிக்கலை.

பஹ்ரைன் அண்ணன்: அப்பம் கை விரிச்சாச்சா

வக்கீல் அக்கா: இல்லை. தூதரக உறவு பற்றின 1963 வியன்னா உடன்படிக்கை இருக்கு, 36ஆம் பிரிவு. அது போட்டுக்கு இல்லை, ஆளுக்கு. பாஸ்போர்ட்டு எந்த நாடோ அந்தத் தூதரகம் வந்து பாக்கலாம், வக்கீல் வைக்கலாம். பாகிஸ்தான் பிடிச்சு வச்ச இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்குல 2019 ஜூலை 17ல பாகிஸ்தான் இதை மீறிச்சுன்னு சர்வதேச நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பிரிவை வச்சுத்தான். ஆனா பிடிபட்டவன் வாய் திறந்து கேக்கணும். "இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்க"ன்னு. புரியாத மொழியில நீட்டுற காகிதத்துல மொழிபெயர்ப்பாளர் இல்லாம கையெழுத்துப் போடக் கூடாது. யாழ்ப்பாணத்துல நம்ம துணைத் தூதரகமே இருக்கு.

சின்னத்துறை தம்பி: துரத்தினா ஓடிறலாமா 😬

ஸ்ராங்கு மாமா: ஓடினா அவனுக்கு வசதி. அவன் தண்ணிக்குள்ள துரத்தத் தொடங்கி இடையில விடாம வந்தா வெளிக்கடல் வரை வந்து பிடிக்க 111ஆம் பிரிவு சம்மதிக்குது. நம்ம 12 மைலுக்குள்ளயோ மூணாவது நாட்டு 12 மைலுக்குள்ளயோ வந்தாத்தான் நிறுத்தணும். போட்டு இருக்கிற இடத்தைக் காட்டுற டிரான்ஸ்பாண்டரை அணைக்காதே, ஜிபிஎஸ்ல வந்த வழியை அழிக்காதே. எந்தத் தண்ணியில வச்சுப் பிடிச்சான்னு சொல்ல உன்கிட்ட வேற சாட்சி என்ன இருக்கு? வயர்லெஸ்ல சேனல் 16ல இடத்தைச் சொல்லு, கரையில உள்ளவங்க 1554க்கு அடிச்சுக் கோஸ்ட் கார்டுகிட்டச் சொல்லட்டும்.

டீச்சர் சித்தி: கரையில என்ன வச்சிருக்கணும்?

வக்கீல் அக்கா: ரெஜிஸ்ட்ரேஷன் (ஆர்.சி.), மீன்பிடி லைசன்ஸ், ஏறின ஆளுங்க பேரும் பாஸ்போர்ட்டு, ஆதார் நகலும். போட்டுல ஒரு செட்டு, வீட்டுல ஒரு செட்டு. இதை லேசா நினைக்காதீங்க. 2001ல கிராண்ட் பிரின்ஸ்னு ஒரு மீன்பிடிக் கப்பல். பிரான்ஸ் பிடிச்சது, பெலீஸ் தன் கப்பல்னு வழக்குப் போட்டது. காகிதத்துல பெலீஸ் கொடின்னு நிரூபிக்க முடியலை. தீர்ப்பாயம் பிணையைப் பத்திப் பேசவே இல்லை, விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு முடிச்சுட்டாங்க.

சின்னத்துறை தம்பி: போன வருசம் இன்ஜின் மாத்தினோம். ஆர்.சி.ல பழைய நம்பர்தான் கெடக்கு

ஸ்ராங்கு மாமா: போட்டுப் பேரு?

சின்னத்துறை தம்பி: பேரும் மாத்தியாச்சு மாமா. பெயின்ட்டு மட்டும்

வக்கீல் அக்கா: தம்பி, கடலுக்குப் போக ஐஸ் ஏத்தாதே. நாளைக்குக் காலையில 10 மணிக்கு மீன்வளத் துறை ஆபீஸ் வாசல்ல நில்லு. ஆர்.சி., இன்ஜின் வாங்கின பில்லு ரெண்டும் எடுத்துக்க. நான் வாரேன்.