மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கார் கட்டி ஓட்டுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டெக்சாஸிலிருந்து:

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையலறையோடு ஓடும் வீடு. முப்பத்தைந்து அடி நீளத்தில் அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பாலும் தயிரும் வாங்கப் போக முடியாது. அதனால் பின்னால் எந்தக் காரைக் கட்டலாம் என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். காரின் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றும் டோலி, முழுக் காரையும் ஏற்றும் டிரெய்லர் என்று வேறு வழிகள் இருந்தாலும், கேம்ப்கிரவுண்டில் அவற்றை நிறுத்தத் தனியாக இடம் தேட வேண்டும். நாலு சக்கரமும் தரையில் உருள இழுப்பதைத்தான் நான் விரும்புகிறேன். ஆனால் எல்லாக் காரையும் அப்படி இழுக்க முடியாது.

அரிசோனாவில் க்வார்ட்ஸ்சைட் பக்கம் தங்கியிருந்தபோது, பக்கத்து இடத்தில் வயதான ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்களிடம் இருந்தது 2016 மாடல் ஹோண்டா சிஆர்-வி. "சிஆர்-வி என்றால் தாராளமாக இழுக்கலாம்" என்று விற்றவர் சொன்னாராம். 2014 மாடல் வரைக்கும் அது சரிதான். 2015இல் சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஒரு வகை ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வந்ததும், நாலு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கக் கூடாது என்றாகிவிட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே வருவதற்குள் கியர்பாக்ஸ் போய்விட்டது. அந்த அம்மா காரின் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

காரணம் எளிது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பு, எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது சக்கரம் மட்டும் மணிக்கணக்கில் சுற்றினால், உள்ளே எண்ணெய் போகாமல் எல்லாம் தேய்ந்து தீய்ந்துவிடும். இழுக்கலாம் என்று அனுமதித்த பழைய சிஆர்-விக்கும் முறை உண்டு. டி-யில் (டிரைவ், முன்னால் போகும் கியர்) போட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். மணிக்கு 65 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே நண்பர் சொன்னார், விற்றவர் சொன்னார் என்று வாங்காதீர்கள். அந்த வருடத்து, அந்த மாடலின் கையேட்டில் இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தை நீங்களே படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஓரிகனிலிருந்து:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நாங்கள் நாலு கதவு ஜீப் ராங்லர் வாங்கினோம். அதில், எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்று தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது. அதில் போட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். போட்ட பிறகு எஞ்சின் ஓடும்போதே ரிவர்ஸில் தள்ளி பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்ப்போம். அப்புறம் டி-யிலும் அதே மாதிரி. இரண்டிலும் கார் அசையாமல் நிற்க வேண்டும். கடைசியில் எஞ்சினை அணைத்து, ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியரை பார்க்கில் (நிறுத்தி வைக்கும்போது போடும் நிலை) போட வேண்டும். பார்க்கில் போட்டு இழுப்பதா என்று முதல் தடவை செய்கிற யாருக்கும் திக்கென்று இருக்கும். ஆனால் கையேடு அப்படித்தான் சொல்கிறது.

பொருத்தும் வேலையில் பெரியது பேஸ் பிளேட். முன்பக்க பம்பரைக் கழற்றி, காரின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குவார்கள். அதில்தான், காரை மோட்டார்ஹோமோடு இணைக்கும் டோ பாரின் இரண்டு கைகளும் மாட்டும். இந்தச் சாமான்கள் செய்கிறவர்களில் ப்ளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர் இரண்டும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். மாட்டியதும் மோட்டார்ஹோமை மெதுவாக முன்னால் நகர்த்தினால் கைகள் நீண்டு ஒவ்வொன்றாக 'டக்' என்று பூட்டும். இரண்டு சத்தமும் கேட்ட பிறகுதான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். மோட்டார்ஹோமின் பின்னால் டோ பார் மாட்டும் ஹிட்சுக்கும் பேஸ் பிளேட்டுக்கும் உயர வித்தியாசம் அதிகம் இருந்தால், அழுத்திப் பிரேக் போடும்போது கார் மேலே ஏறவோ கீழே நுழையவோ பார்க்கும். இந்த உயர வித்தியாசத்தைச் சரிசெய்யும் டிராப் ரிசீவர் என்ற இணைப்பைப் போட்டு டோ பாரைத் தரைக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள்.

மோட்டார்ஹோம் பிரேக் போடும்போது காரின் பிரேக்கையும் போட வைக்கும் துணை பிரேக்கில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ராங்லர் 4,000 பவுண்டுக்கு மேல். மலை இறக்கத்தில் அவ்வளவு எடையும் முதுகில் தள்ளும். அத்துடன் பிரேக்அவே கம்பியையும் மோட்டார்ஹோமில் மாட்டிவிடுங்கள். டோ பார் கழன்று கார் தனியே போனால், அந்தக் கம்பிதான் ஸ்விட்சை இழுத்து காரின் பிரேக்கைப் போட வைக்கும்.

நியூ மெக்சிகோவிலிருந்து:

ஐ-10 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் போன மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கட்டியிருந்த காரின் பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. ஹாரன் அடித்தும், விளக்கை மின்னியும் ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கவாட்டில் போய்க் கையைக் காட்டிய பிறகுதான் ஓரம் கட்டினார். காரில் ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருந்தது. டயர் ஒரு பக்கம் தேய்ந்து நூல் தெரிந்தது. அந்தப் பெரிய வண்டியின் எஞ்சினுக்கு அந்த இழுவை உறைக்கவே இல்லை என்பதுதான் பயங்கரம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கட்டி முடித்ததும் நான் இருபது அடி மெதுவாக ஓட்டுவேன். மனைவி கீழே நின்று காரின் நாலு சக்கரமும் உருளுகிறதா என்று பார்த்துச் சொல்வாள். அவள் கையைக் காட்டும்வரை சாலையில் ஏற மாட்டேன். காரின் டயர்களிலும் காற்றழுத்த சென்சார் போட்டுவிட்டேன்.

டெக்சாஸிலிருந்து:

நீங்கள் கைகாட்டியதால் அவர் பிழைத்தார். ஒரு சந்தேகம், பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுப்பதுண்டா?

ஓரிகனிலிருந்து:

கூடவே கூடாது. நாலு சக்கரமும் தரையில் இருந்தால் காரின் முன்சக்கரம் தாறுமாறாகத் திரும்பி டோ பாரை வளைத்துவிடும். காரைக் கழற்றிவிட்டுத்தான் பின்னால் எடுக்க வேண்டும். நாங்கள் நேராக நுழைந்து நேராக வெளியேறும் லாரி வரிசை இருக்கிற பங்காகப் பார்த்துத்தான் நுழைகிறோம். கலிஃபோர்னியா பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னால் வண்டி கட்டியிருந்தால் அங்கே வேக வரம்பு மணிக்கு 55 மைல்தான்.