ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளே எப்படி வேலை செய்கிறது, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கற்றுக்குட்டி கேட்டது:

பைத்தானில் சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவேன், லினக்ஸ் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படையைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால், எதைத் திறந்தாலும் "வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையில் இருப்பது" என்று ஒரு வரி, உடனே வகைகள், ஷெட்யூலிங் அல்காரிதம்களின் பெயர்கள், டெட்லாக் (புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முடங்கிப்போவது) வர நான்கு நிபந்தனைகள். மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

இரண்டு சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது. என் மெஷினில் ரேம் 8 ஜிபிதான், ஆனால் ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் பிரவுசருக்கு நேராக விர்ட் என்ற இடத்தில் அதைவிடப் பல மடங்கு காட்டுகிறது, அது எங்கிருந்து வந்தது? அப்புறம், பிராசசரில் என் புரோகிராம் ஓடும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கே ஓடுகிறது? அதுவும் ஒரு புரோகிராம்தானே? சி, அசெம்பிளி எல்லாம் தெரியாமல் இதைப் படிக்க முடியுமா?

டைமர்டிக்:

இரண்டாவது கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பாடத்தில் பாதி அதற்குள் இருக்கிறது. ஒரே ஒரு கோர் (பிராசசருக்குள் புரோகிராமை ஓட்டும் அலகு) உள்ள மெஷின் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் புரோகிராம் ஓடும் அந்த நொடியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் ஓடவே இல்லை, மெமரியில் சும்மா கிடக்கிறது. அப்புறம் எப்படி எல்லாம் அதன் பிடியில் இருக்கிறது என்றால், உங்களிடம் பிராசசரை விடுவதற்கு முன்பே ஒரு டைமரை வைத்துவிட்டுத்தான் விடுகிறது. டைமர் அடித்ததும் பிராசசர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு கெர்னலின் கோடுக்குத் தாவும். இது ஹார்ட்வேரே செய்வது, உங்கள் புரோகிராமின் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. கெர்னல் ரெஜிஸ்டர்களில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன சேமிப்பிடங்களில்) இருந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்து யார் முறை என்று பார்த்து அவரை ஓட விடும். கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்பது இவ்வளவுதான்.

இந்த டைமர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் 3.1, பழைய மேக் எல்லாம் சாட்சி. அவற்றில் ஒரு புரோகிராம் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும், ஒன்று லூப்பில் மாட்டிக்கொண்டால் மொத்த மெஷினும் உறைந்துவிடும். விண்டோஸ் 95 வந்துதான் 32 பிட் புரோகிராம்களுக்கு இது மாறியது, மேக் பயனர்கள் 2001ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கெர்னல் உள்ளே வர இன்னொரு வழி, நீங்களே கூப்பிடுவது. ஃபைல் திறக்க வேண்டும், திரையில் எழுத வேண்டும் என்றால் சாதாரண புரோகிராமுக்கு டிஸ்கை நேரடியாகத் தொட பிராசசரே அனுமதிக்காது, கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அதுதான் சிஸ்டம் கால்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பைத்தானில் ஒன்றுமே செய்யாத முடிவில்லாத வைல் லூப் ஒன்றை எழுதி, உங்களுக்கு நான்கு கோர் இருந்தால் எட்டு டெர்மினலில் ஓட விட்டு டாப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 50 சதவீதம் காட்டும், ஆனால் மவுஸ் பாட்டுக்கு நகரும். அடுத்து யார் முறை என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் பற்றிய பத்துப் பக்கத்தை அதற்கப்புறம் படித்தால் தானாக ஏறும்.

பக்கம்4096:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். விர்ட் என்பது ரேம் அல்ல, அந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) "இந்த முகவரிகளை நான் பயன்படுத்தலாம்" என்று வாங்கி வைத்திருக்கும் இடம். உண்மையில் ரேமில் இருப்பது பக்கத்திலேயே ரெஸ் என்று வரும் எண். ஒவ்வொரு பிராசஸுக்கும் கெர்னல் தனித்தனி முகவரி வெளியைக் கொடுக்கிறது, அதை பேஜ் என்ற சின்னத் துண்டுகளாக (பெரும்பாலான பிசிக்களில் 4096 பைட்) வெட்டி, எந்தத் துண்டு ரேமில் எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. நீங்கள் தொடாத துண்டுக்கு ரேமே ஒதுக்காது. முதல் முறை தொடும்போது பிராசசர் பேஜ் ஃபால்ட் என்று நிறுத்தும், கெர்னல் வந்து அப்போதுதான் ஒரு பேஜைக் கொடுக்கும், புரோகிராமுக்கு நடந்ததே தெரியாது. ஃபால்ட் என்ற பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், எல்லா மெஷினிலும் சதா நடக்கும் விஷயம்.

பைத்தானிலேயே கெர்னலிடம் முகவரி இடம் வாங்கித் தரும் எம்மேப் மாட்யூல் வைத்து 1 ஜிபி கேளுங்கள். விர்ட் உடனே ஏறும், ரெஸ் அசையாது. பிறகு 4096 பைட்டுக்கு ஒரு பைட் என்று எழுதிக்கொண்டே போங்கள், ரெஸ் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு பிராசஸ்கள் ஒரே முகவரி எண்ணில் வெவ்வேறு தகவலை வைத்திருப்பது எப்படி என்பதற்கும் அந்த அட்டவணைதான் பதில்.

பழையஷெல்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் டாப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடும் என்பது என் கருத்து. சி கொஞ்சம் வேண்டும், பாயிண்டரும் ஸ்ட்ரக்டும் படிக்கத் தெரிந்தால் போதும், எழுதக்கூட வேண்டாம். அசெம்பிளியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். லினக்ஸ் கெர்னலின் கோடை நேரடியாகத் திறக்காதீர்கள், கோடிக்கணக்கான வரிகள், எங்கே நுழைவது என்றே தெரியாது. எம்ஐடியில் 2006ல் பாடம் நடத்துவதற்காகவே எழுதிய எக்ஸ்வி6 என்ற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, 1975ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டியது, சில ஆயிரம் வரிகள்தான். அதில் ஷெட்யூலர் ஒரே ஒரு ஃபங்ஷன், டைமர்டிக் சொன்னது அங்கே அப்படியே இருக்கும்.

அதற்கு முன்னால், ஒரு புரோகிராம் செய்யும் சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் என்ற கருவியை நிறுவி, நீங்கள் எழுதிய புரோகிராம் எதையாவது அதன் வழியாக ஓட்டுங்கள். டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகள் எங்கும் ஓடிப்போகாது, த்ரெட் வைத்து ஏதாவது எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கற்றுக்குட்டி:

எட்டு லூப் சோதனை பிரமாதம். ஆனால் ஸ்ட்ரேஸ் போட்டு "வணக்கம்" என்று ஒரு வரி அச்சிடும் பைத்தான் ஃபைலை ஓட்டினால் திரை நிறைய ஓப்பன், ரீட், எம்மேப் என்று ஓடுகிறது, கடைசியில்தான் ஒரே ஒரு ரைட். நான் எழுதியது ஒரு வரிதானே?

பழையஷெல்:

முதல் வரி எக்ஸெக் என்று தொடங்கியிருக்குமே, பைத்தானை மெமரிக்குள் கொண்டுவந்தது அதுதான். அதற்குப் பிறகு வருவது எல்லாம் சி லைப்ரரியைத் தேடி ஏற்றுவது, பைத்தான் தன் மாட்யூல்களைத் தேடுவது, "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று வரும் தோல்விகள் உட்பட. உங்கள் கோடு அந்த கடைசி ரைட் மட்டும்தான்.

இப்போது ஆயிரம் வரி அச்சிடும்படி மாற்றி, ஒரு முறை டெர்மினலுக்கும் ஒரு முறை ஒரு ஃபைலுக்கும் அனுப்பிப் பாருங்கள். டெர்மினலில் வரிக்கு ஒரு ரைட் வரும், ஃபைலுக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் செலவு இருப்பதால் பைத்தான் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புகிறது.

அடுத்து பாஷ் ஷெல்லையே ஸ்ட்ரேஸ் செய்து உள்ளே ஒரு எல்எஸ் அடியுங்கள். எஃப் ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஷெல் பெற்றெடுக்கும் புது பிராசஸ் என்ன செய்கிறது என்று காட்டாது. புது பிராசஸை உருவாக்கும் சிஸ்டம் காலைப் புத்தகங்களில் உள்ளபடி ஃபோர்க் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், லினக்ஸில் அது பெரும்பாலும் குளோன் என்ற பெயரில்தான் வரும்.