தூர்ந்துபோன துளை

குழுவின் பெயர் ‘அம்மாச்சி வீடு’. உறவுமுறையை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்துவிட்டேன். அம்மாச்சி தட்டச்சு செய்ய மாட்டார், எல்லாம் குரல் பதிவுதான். அவற்றைக் கேட்டு நான் எழுதியிருக்கிறேன். நடுவில் மாமா அனுப்பிய டைல்ஸ் படங்கள் பதினேழையும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை, இரவு 9:04

நான்: ஒரு சந்தேகம். யாரும் திட்டக் கூடாது. மே மாதம் குடல்வால் அறுவைக்காகக் கழற்றிய மூக்குத்தியை இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே புள்ளி தெரிகிறது. தண்டு பாதிவரை போகிறது, அப்புறம் நகரவே மாட்டேன் என்கிறது.

அம்மா: ஐந்து மாதமாகவா போடவில்லை? வீடியோ காலில் போட்டிருந்தாயே?

நான்: அது ஸ்டிக்கர் பொட்டு அம்மா. சின்னதாக இருப்பதை எடுத்து மூக்கில் ஒட்டிக்கொள்வேன்.

மாமா: மருமகளே, உன் மூளையே மூளை.

அம்மா: நீ சும்மா இரு தம்பி. அடுத்த ஞாயிறு உன் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நாலு பேர் வருவார்கள், மூளி மூக்கோடு வந்து நிற்கப் போகிறாள்.

நான்: அதற்குத்தான் கேட்கிறேன். ஒரு வீடியோ பார்த்தேன். ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் வைத்து, தையல் ஊசியை மெழுகுவர்த்தியில் காட்டி, ஒரே குத்து. ஏற்கெனவே துளை இருந்த மூக்கு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதானாம்.

சித்தி: ஊசியைக் கீழே வை.

நான்: இன்னும் எடுக்கவே இல்லை சித்தி.

சித்தி: மூக்கைப் படம் எடுத்து அனுப்பு. டார்ச் அடித்து எடு.

நான்: (படம்)

சித்தி: என்ன சிவப்பு இது? ரத்தம் வந்ததா?

நான்: ஒரு துளி.

சித்தி: எத்தனை முறை தள்ளினாய்?

நான்: நாலு. ஆறு இருக்கும்.

சித்தி: ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். சோற்றைப் போட்டுக்கொண்டு வருகிறேன், அதுவரை மூக்கில் கை வைக்காதே.

இரவு 9:20

அம்மா: மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடு, சிவப்பு அடங்கும்.

மாமா: டெட்டால்.

சித்தி: இரண்டும் வேண்டாம். புண்ணில் எண்ணெய் போட்டால் அழுக்கு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். டெட்டாலும் ஸ்பிரிட்டும் ஆறுகிற சதையையே அரித்துவிடும். மருந்துக் கடையில் 0.9 சதவீத உப்புநீர், நார்மல் சலைன் என்று கேட்டால் தருவார்கள். துணியில் நனைத்து இரண்டு நேரம் ஒற்றி எடுத்தால் போதும்.

சித்தி: இப்போது அந்த வீடியோக்காரிக்கு வருகிறேன். மூக்குத் துளை முதலில் தூர்வது உள்பக்கம். அங்கே சீக்கிரம் மூடிக்கொள்ளும். அதனால் வெளியே புள்ளி அப்படியே இருக்கும், உள்ளே மூடியிருக்கும். அழுத்தித் தள்ளினால் தண்டு பழைய வழியில் போகாது. பக்கத்துச் சதையைக் கிழித்துக்கொண்டு பொய் வழி ஒன்று போடும். உனக்கு வந்த ரத்தம் அந்தப் பொய் வழியின் ரத்தம்.

நான்: அப்படியானால் ஊசியால் நேராகக் குத்தினால்?

சித்தி: மெழுகுவர்த்தியில் காட்டிய ஊசியில் கரி படியும். அதுவும் சேர்ந்து உள்ளே போய், பச்சை குத்திய மாதிரி புள்ளி நின்றாலும் நிற்கும். தையல் ஊசி கெட்டியானது, சதையை ஒதுக்கித்தான் தள்ளும். குத்துவதற்கென்று இருக்கிற ஊசி உள்ளே குழாய், முனை சாய்வாக வெட்டியது. அது நறுக்கி வழி எடுக்கும். அதோடு, தூர்ந்த இடத்தில் இருப்பது தழும்புச் சதை, முரடு. கண்ணாடியைப் பார்த்து இடது வலது மாறிக் குத்துகிறவளுக்கு ஊசி நேராகப் போகுமா?

மாமா: குத்தியே ஆக வேண்டும் என்றால் காதுக்குக் குத்துகிற துப்பாக்கி இருக்கிறதே? என் கூட்டாளி கடையில்...

சித்தி: மூக்குக்கு அது ஆகவே ஆகாது. ஊசி மாதிரி வெட்டாமல், கம்மலின் மொட்டை முனையை வேகத்தில் அடித்து இறக்குகிறது. மூக்கில் சற்று மேலே போனால் குருத்தெலும்பு. அதற்கென்று ரத்த ஓட்டம் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் சத்து போகிறது. அங்கே சீழ் வைத்தால் மருந்து போய்ச் சேரவே சிரமம். மூக்கின் வடிவமே குழிந்துவிடும். கம்மல் போடுகிற இடம் வெறும் சதை, அதையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

அக்கா (பெரியம்மா மகள், பெங்களூரு): நான் மூக்குக் குத்துகிற ஸ்டுடியோவில் குத்திக்கொண்டபோது அவர்களும் துப்பாக்கி வேண்டவே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஊசியை என் கண்ணெதிரே உறையைப் பிரித்து எடுத்தார்கள், வேலை முடிந்ததும் மஞ்சள் டப்பாவில் போட்டார்கள். முதல் நகை டைட்டானியம். கவரிங் கூடாது, அதில் இருக்கும் நிக்கல்தான் பலருக்கு அரிப்பு கொடுக்கிறது.

அம்மா: தங்கம் போடக் கூடாதா? நம் வீட்டில் எல்லோருக்கும் தங்கம்தான்.

அக்கா (பெங்களூரு): போடலாம் சித்தி. ஆனால் ஒரு விஷயம், ஸ்டுடியோ நகையின் தண்டு 0.8 அல்லது 1 மில்லிமீட்டர். நம் ஊர்த் தங்க மூக்குத்தியில் சிலது இதைவிட மெலிசு. மெலிசையே ரொம்ப நாள் போட்டால் துளையும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும், அப்புறம் பழைய ஸ்டுடியோ நகை உள்ளே போகாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

இரவு 9:41

பாப்பா (சித்தி மகள்): அம்மா, எனக்கு மட்டும் நீங்களே வீட்டில் போட்டு விட்டீர்களே?

மாமா: ஆகா! சொல்லு பாப்பா, சொல்லு.

பாப்பா: பிப்ரவரியில் மூக்குக் குத்தினேன், மே முதல் ஞாயிறு நீட். நகை எதுவும் கூடாது என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தார்கள். வாசலில் போய்ப் போராடக் கூடாது என்று காரிலேயே கழற்றினோம். சாயங்காலம் வந்து பார்த்தால் போகவே இல்லை. காலையில் கழற்றியது, அதற்குள் மூக்குக்கு என்ன அவசரமோ.

சித்தி: போட்டு விட்டேன், உண்மைதான். குத்தினேனா? அன்றைக்குத் துளை இருந்தது, இறுகியிருந்தது, அவ்வளவுதான். மூன்று மாதத் துளைக்கு ஆறேழு மணி நேரமே அதிகம், மூக்கு முழுதாக ஆற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். வெந்நீரில் குளிக்க வைத்து, கையுறை போட்டு, முனை மழுங்கிய மெல்லிய தண்டில் ஜெல்லியைத் தடவி வைத்தேன். அது தானாக வழுக்கிக்கொண்டு போயிற்று. தள்ளவில்லை. ஒரு முறை வைத்துப் பார்ப்பது, போகவில்லை என்றால் விட்டுவிடுவது. மாட்டுவது வீட்டு வேலை, குத்துவது வீட்டு வேலை இல்லை.

நான்: என்னுடையது நாலு வருடத் துளை சித்தி. அது கெட்டியாக நிற்க வேண்டாமா?

சித்தி: ஆளுக்கு ஆள் மாறும். உனக்கு ஐந்து மாதத்தில் தூர்ந்திருக்கிறது. அறுவை முடிந்த மறுநாளே கேட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.

நான்: டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டார்கள், எனக்கு நினைவே இல்லை. எதற்குத்தான் கழற்றச் சொல்கிறார்களோ, வயிற்றுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

சித்தி: ரத்தத்தை அடைக்க மின்சாரத்தில் சுடுகிற கருவி வைப்பார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். மூச்சுக்காகக் குழாய் செருகும்போது மூக்குத்தி கழன்று உள்ளே விழுந்தால் இன்னும் வம்பு. நாங்கள் கழற்றுவது உன்மேல் உள்ள கோபத்தில் இல்லை.

இரவு 9:58

அம்மாச்சி (குரல் பதிவு): எங்கள் காலத்தில் ஆசாரி வீட்டுக்கே வருவார். தங்கக் கம்பியைக் கூராக்கி, அதையே குத்தி, அப்படியே வளைத்து விட்டுவிடுவார். குத்துகிறதும் அதுதான், நகையும் அதுதான். புண் வைத்தால் கம்பியை எடுத்துவிட்டு வேப்பங்குச்சியைச் சீவிச் செருகுவோம், துளை தூராது. எனக்கு இந்தப் பக்கம் எட்டுக்கல் பேசரி, அந்தப் பக்கம் ஒற்றைக்கல். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அம்மா: எனக்கு ஆயிற்றே அம்மா. பட்டாணி மாதிரி சதை வளர்ந்து ஆறு மாதம் கிடந்தேன்.

அம்மாச்சி (குரல் பதிவு): அது நீ கையை வைத்து நோண்டிக்கொண்டே இருந்ததால்.

சித்தி: அம்மா சொல்வதில் பாதி சரி. குத்திய கம்பியே உள்ளே தங்கினால் புண்ணில் இன்னொரு பொருளை நுழைக்கிற வேலை இல்லை. ஆனால் ஆசாரி கை கழுவினாரா, கம்பி எந்தத் தட்டில் இருந்தது என்று யார் பார்த்தோம்? ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ஒரு ஊசி இரண்டு பேருக்குப் போனால் பரவுகிறவை. குச்சி வேண்டாம், சிம்பு உள்ளே முறிந்தால் எடுக்க நான்தான் வர வேண்டும். அப்புறம் தினம் திருகித் திருகி விடச் சொல்வார்களே, அதுவும் வேண்டாம். காய்ந்த பொருக்கை ஒவ்வொரு முறையும் பிய்க்கிற வேலை அது.

நான்: சரி, நான் என்னதான் செய்யட்டும்?

சித்தி: கடைசியாக டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் ஊசி, எப்போது போட்டாய்?

நான்: பத்தாம் வகுப்பில். எட்டு வருடம் ஆகிறது.

சித்தி: சின்னக் காயம், சுத்தமான காயம் என்றால் பத்து வருடக் கணக்கு, சரிதான். இப்போதைக்கு உப்புநீர், கை வைக்காமல் இருப்பது. சிவப்பு பரவினாலோ, மூக்கு நுனியைத் தொட்டாலே வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். முகத்தின் நடுவில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு உண்டு, அங்கே சீழை வைத்துக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நன்றாக ஆறட்டும், ஒரு மூன்று மாதம். தை பிறந்ததும் தழும்புக்குப் பக்கத்தில் புதிதாகக் குத்திக்கொள்ளலாம், நானே கூட்டிப் போகிறேன்.

அம்மா: ஞாயிற்றுக்கிழமைக்கு?

அத்தை: என்னிடம் துளை இல்லாமல் அழுத்தி மாட்டுகிற மூக்குத்தி இருக்கிறது, கல் வைத்தது. புண் இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். படத்தில் எல்லாம் தெரியாது.

மாமா: ஸ்டிக்கர் பொட்டு போதுமே. என் வீட்டுக்கு வருகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பார்களா, இவள் மூக்கைப் பார்ப்பார்களா?

இரவு 10:37

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாப்பா: பெரியம்மா, என்ன கேட்டீர்கள்?

பெரியம்மா: ஒன்றும் இல்லை கண்ணு. கை தவறிவிட்டது.

அக்கா (பெங்களூரு): அம்மா, நான் படித்துவிட்டேன். சித்தி, நாற்பது வருடம் போட்ட துளை, மூன்று வருடம் போடாமல் இருந்தால் தூர்ந்துவிடுமா என்று கேட்டாள்.

பெரியம்மா: சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எனக்கென்று இல்லை.

இரவு 10:46

(ஒன்பது நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. எங்கள் குழுவில் இது பெரிய இடைவெளி. பெரியப்பா போய் இந்தப் புரட்டாசியோடு மூன்று வருடம்.)

சித்தி: பெரியக்கா, நாற்பது வருடத்தில் அந்தத் துளைக்கு உள்ளேயே தோல் படர்ந்திருக்கும். அப்படிப்பட்டது பெரும்பாலும் அடியோடு தூராது, சுருங்கியிருக்கும். ஞாயிறு காலை நான் வெள்ளென வருகிறேன். வெந்நீரில் குளித்துவிட்டு உட்காருங்கள், டார்ச் அடித்துப் பார்ப்போம். போனால் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் இல்லை.

பெரியம்மா: வீட்டுக்கு நாலு பேர் வருகிற நேரத்தில் இது எதற்கு?

அத்தை: நாலு பேர் வருவது என் வீட்டுக்கு மதினி. என் வீட்டில் யார் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

இரவு 10:58

அம்மாச்சி (குரல் பதிவு): அன்றைக்கு அதைக் கழற்றச் சொன்னது நான்தான். அவ்வளவு சனம் கூடி நின்றது, எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. உன் மூக்குத்தி என் பீரோவில் மஞ்சள் துணியில்தான் இருக்கிறது. வருடா வருடம் எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

மாமா: நாளைக்குத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது பெரியக்கா. அதைக் கொடுத்துப் பாலிஷ் போட்டு வாங்கி வரவா?

இரவு 11:15

பெரியம்மா: பாலிஷ் எதற்கு, கல் மங்கவில்லை. திருகாணி மரை தேய்ந்து கிடந்தது, சீலையில் மாட்டினால் கழன்றுவிடும். அதை மட்டும் புதிதாகப் போடச் சொல்.