புதுப்பிப்பு: ஹாஸ்பிஸ் இரவுகள் குறைந்தது பற்றி

இங்கிலாந்தில் என் மகள் போய்த் தங்கும் குழந்தைகள் ஹாஸ்பிஸில் (உயிருக்கு ஆபத்தான, தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம்), நாங்கள் ஓய்வெடுக்க அவளை வைத்துக்கொள்ளும் இரவுகளை ஆண்டுக்கு இத்தனை என்று தருவார்கள்; அதைக் குறைத்துவிட்டார்கள் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. எத்தனை இரவு தருவது என்ற மறுமதிப்பீடு நேற்று முடிந்தது.

நோயின் பெயரை மட்டும் வைத்து இரவுகளைப் பிரிப்பதில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள், சளி உறிஞ்சிவிடுவது யார், உதவிக்கு உறவினர் உண்டா, மூத்தவனுக்கு உங்கள் நேரம் கிடைக்கிறதா என்று செவிலியர் கேட்டார். போன முறை நான் "சமாளிக்கிறோம்" என்று சொல்லியிருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இந்த முறை இரண்டு வாரம் எழுதிவைத்த நோட்டை நீட்டினேன்: 1.10 சளி, 2.40 உணவுப் பம்ப் அலாரம், 4.15 வலிப்பு. படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரவுகளைக் கூட்டிவிட்டார்கள்.

அப்புறம், முன்பு எங்கள் தேதி ரத்தானதற்கும் காரணம் தெரிந்தது. கடைசி நாட்களில் இருக்கும் குழந்தைக்குத்தான் முதலில் அறை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. 1982-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹெலன் ஹவுஸ் என்ற முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ் தொடங்கியபோதே பெற்றோருக்கு ஓய்வு தருவதும் ஒரு நோக்கம். ஆனால் இந்த ஹாஸ்பிஸ்கள் பெரும்பாலும் நன்கொடையில் நடப்பவை, படுக்கைகள் கொஞ்சம்தான்.

மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து மோசமான ராத்திரிகளையும் எழுதிக்கொண்டு போங்கள்.