புதுப்பிப்பு: பேச்சை நிறுத்திய 4 வயது மகள், காரணம் தெரிந்தது

ஆகஸ்டில் இங்கே கேட்டிருந்தேன்: பாப்பா மூணு நாளா தூங்கலை, வாயைக் கோணிக்கோணி அசைக்கிறாள், வலிப்பு வந்தது, பேச்சு நின்றுவிட்டது, எம்.ஆர்.ஐ. நார்மல் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"முதுகுத்தண்டு நீரில் என்.எம்.டி.ஏ. எதிர்ப்பொருள் பார்க்கச் சொல்லுங்க" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதுதான் விடை: என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி, அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நோய். முதலில் ரத்தத்தில் மட்டும் பார்த்தார்கள், நெகட்டிவ். அதோடு விட்டிருப்போம். அக்கா சொன்னதைக் காட்டிக் கேட்டபிறகு நீரிலும் எடுத்தார்கள், பாசிட்டிவ். ரத்தத்தில் தெரியாமல் நீரில் மட்டும் தெரிவது இந்த நோயில் நடப்பதுதானாம். தேடி வருபவர்கள் இதை மறக்காதீங்க. டல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு இந்த நோயை விவரித்ததே 2007-இல்தான்.

மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 நாள், கூடவே இம்யூனோகுளோபுலின் (தானம் தந்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்) உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் கணக்கில். இரண்டு வாரமாகியும் பெரிய மாற்றமில்லாததால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடுத்தகட்ட மருந்தான ரிடுக்சிமாப் தொடங்கினார்கள். சினைப்பைக் கட்டியும் இந்த நோயைத் தூண்டலாம் என்பதால், அது இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்தார்கள், இல்லை. இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு அது அரிது, ஆனாலும் பார்த்தே ஆகணும் என்றார் டாக்டர்.

எதிர்பாராதது, குணமாகும் வேகம். மருந்து ஏறியதும் பேசிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். முதலில் வாய் அசைவு நின்றது, பிறகு தூக்கம். பேச்சு கடைசியில்தான். ஆறாவது வாரம் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து "ம்மா, தண்ணி" என்றாள். டம்ளரை நீட்டும்போது என் கை நடுங்கியது.

இப்போது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். பேச்சுப் பயிற்சி வாரம் மூன்று நாள். வலிப்பு மாத்திரை இன்னும் தொடர்கிறது.