பழைய அப்ரைட் பியானோ: "டியூன் செய்தால் போதும்" என்கிறார், நம்பலாமா?

புதுவிரல்:
நாற்பதைத் தாண்டிய பிறகு பியானோ ஆசை வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டு அப்ரைட்டை (தந்திகள் செங்குத்தாக நிற்கும் பியானோ) ரொம்ப மலிவாகத் தருகிறார். பளபளக்கும் வால்நட் மரம், முன்பக்கம் இரண்டு பித்தளை மெழுகுவத்தித் தாங்கிகள். பார்த்ததுமே மனசு விழுந்துவிட்டது. "பல வருஷமாக யாரும் தொடவில்லை, டியூன் செய்தால் போதும்" என்கிறார். எனக்கு வாசிக்கவே தெரியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

சுருதிப்பெட்டி:
பியானோ டியூன் செய்வதுதான் என் தொழில். அந்த "போதும்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது!

மெழுகுவத்தித் தாங்கி இருந்தால் பெரும்பாலும் நூறு வயதை ஒட்டிய பியானோவாக இருக்கும். மேல்மூடியைத் திறந்து பாருங்கள். தந்தியை அடிக்கும் ஹேமர்களுக்கு முன்னால் கம்பிகள் பறவைக் கூண்டு மாதிரி வரிசையாக நின்றால் அது ஓவர்டேம்பர் வகை, அதாவது நாதத்தை அடக்கும் டேம்பர்கள் ஹேமருக்கு மேலே இருக்கும் வகை. கட்டையிலிருந்து விரலை எடுத்தாலும் நாதம் சட்டென்று நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். பழுது பார்க்கவும் கையை உள்ளே விட முடியாது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள வேண்டாம்.

கூண்டு இல்லையென்றால் அடுத்தது டியூனிங் பின், அதாவது தந்தியின் நுனியைச் சுற்றி இறுக்கும் ஆணி. உள்ளே 220 தந்திக்கு மேல் இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை போகும். அந்த விசையை இரும்புச் சட்டம் தாங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பின்னும் சுழலாமல் நிற்பது மரப்பலகையின் பிடியில்தான். மரம் உலர்ந்து துளை தளர்ந்துவிட்டால் இன்று சேர்க்கும் சுருதி சில நாள்கூட நிற்காது. காதாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி. பியானோ முழுக்க ஒரே சீராகச் சுருதி இறங்கியிருந்தால் அது வெறும் கவனிப்பின்மை, பயம் வேண்டாம். ஒரே கட்டையை அழுத்தும்போது "வொய்ங் வொய்ங்" என்று அலையடித்தால் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன என்று அர்த்தம். ஒன்றிரண்டு கட்டை என்றால் பரவாயில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டையெல்லாம் அப்படியே இருந்தால் பின் மேல் சந்தேகப்படுங்கள்.

இரும்புச் சட்டத்தில் விரிசல் தெரிந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். தந்தியின் நாதத்தைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட் போர்டில் விரிசல் என்றால் அவ்வளவு கவலை இல்லை. வாசிக்கும்போது ரீங்காரம் எழாமல் இருந்தால் சரி.

மாலைநேரம்:
வாசிக்கத் தெரியாதது ஒரு குறையே இல்லை. 88 கட்டைகளையும் இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக, மெதுவாகவும் ஒருமுறை பலமாகவும் அழுத்துங்கள். எது ஒட்டிக்கொள்கிறது, எது மௌனம் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் கட்டை பெரும்பாலும் ஈரப்பதத்தின் வேலை, சின்னப் பழுது. ஹேமர் தலையில் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டைப் பூச்சி தின்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், தூக்குவதற்கு நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கலாம், அதில் பெரும்பாரம் பின்பக்கம்.

புதுவிரல்:
திறந்து பார்த்தேன். கூண்டேதான்! மனசைத் தேற்றிக்கொண்டு வேறொன்று பார்க்கிறேன்: யமஹா யூ1, 121 செ.மீ. உயரம், கறுப்பு. அழகு கம்மிதான். அலையடிப்பு கேட்கவில்லை, ஆனால் மொத்தமாக அரைச்சுரம் கீழே இருப்பதாக போன் செயலி காட்டுகிறது.

சுருதிப்பெட்டி:
நல்ல வகை. உள்ளே சீரியல் எண் இருக்கும், அதை வைத்துத் தயாரித்த வருடம் தெரிந்துகொள்ளலாம். வயதை விட எப்படிப் புழங்கியது என்பதுதான் எனக்கு முக்கியம்; பள்ளியில் நாள் முழுக்க அடிபட்டதா, வீட்டில் சும்மா நின்றதா என்று கேளுங்கள். ஹேமர் முனையில் தந்தித் தடம் லேசாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். முனையே தட்டையாகிவிட்டிருந்தால் அந்தச் செலவையும் விலையில் பேசுங்கள்.

அரைச்சுரம் இறங்கியதை ஒரே தடவையில் பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. முதலில் தோராயமாக ஏற்றி, பிறகு நுணுக்கமாகச் சேர்த்து, சில மாதத்தில் இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும். ஏற்றும்போது பழைய தந்தி ஒன்றிரண்டு அறுந்தாலும் அறும். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே கூப்பிடாமல் இரண்டு மூன்று வாரம் இடத்துக்குப் பழக விடுங்கள். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு டியூனரை அழைத்துப் போய் டியூனிங் சாவியைப் போட்டுப் பின்னைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிடி எங்கள் கைக்குத்தான் தெரியும், செயலிக்குத் தெரியாது.